வீர ரயில்வே

வகுப்பு மொத்தமும் ஒரே தப்பைச் செய்திருந்தது. அதுதான் லூசியாவுக்குப் புரியவில்லை.

ஆளுக்கொரு தப்பு என்றால் ஆசிரியர்களுக்கு அது பழக்கம். ஒருவன் படித்திருக்க மாட்டான். ஒருத்தி படித்ததை மறந்திருப்பாள். நன்றாகப் படிக்கிற நாலு பேர் எப்படியும் சரியாக எழுதியிருப்பார்கள். ஆனால் மடியிலிருந்த இந்த விடைத்தாள் கட்டில் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒரே கேள்விக்கு ஒரே அபத்தம்.

பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டி விழுப்புரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. லூசியா கட்டை மறுபடி பிரித்தாள்.

கேள்வி அவளே தயாரித்தது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பழம்பாட்டிலிருந்து இரண்டு அடி கொடுத்திருந்தாள்.

பேரூ ரெல்லை காக்கு மிளைய
வீர ரயில்வே லேந்தி வந்தனர்

'வந்தவர்கள் யார்? எப்படி வந்தார்கள்?' என்பது கேள்வி. கீழே உதவிக்கு ஒரு சொற்பொருளும் உண்டு: அயில் - கூர்மை.

பெரிய ஊரின் எல்லையைக் காக்கும் இளைய வீரர்கள், கூரிய வேலை ஏந்தி வந்தார்கள். இதைவிட எளிமையாக ஒரு பழைய பாட்டு கிடைக்காது என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

வந்த விடைகள் இப்படி இருந்தன. 'வீரர்கள் ரயில்வே மூலம் வந்தனர்.' 'இளைஞர்கள் ரயிலில் லேந்தி என்ற ஊருக்கு வந்தனர்.' இன்னொருவன் கூடுதலாக ஆராய்ந்து, 'பேரூ நாட்டு எல்லையிலிருந்து' என்று சேர்த்திருந்தான். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் கலைப்பிரியாகூட ரயிலேறித்தான் வந்திருந்தாள். போதாததற்கு ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: 'மிஸ், கீழே கொடுத்துள்ள அயில் என்ற சொல் பாட்டில் இல்லை.'

கூடிப் பேசிக்கொண்டு கிண்டல் செய்திருக்கிறார்கள். லூசியா அப்படித்தான் முடிவு கட்டினாள். வேல் பிடித்த காலத்தில் ரயில் கிடையாது என்பது பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாதா?

அவளை அதிகமாகச் சுட்டது அந்தக் கட்டின் நடுவே இருந்த ஒரு தாள். அமலியுடையது. அவளுடைய சொந்த மகள். அதிலும் ரயில்வே.

அமலி இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்து போனில் ஏதோ கதை படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். போன வாரம்வரை ஒரே இருக்கையிலும் உட்கார்ந்தார்கள். போன வாரம் சாப்பிடும்போது, நாத்தனார் சூசை மேரி விருந்துக்கு வந்திருந்த நேரம் பார்த்து, "பதினொண்ணாவதுல நான் தமிழ் எடுக்கல. பிரெஞ்சு எடுக்கப் போறேன்" என்று அமலி சொன்னதும், லூசியா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததும், அதற்குப் பிறகு வீட்டில் 'உப்பு எங்கே', 'சாவி எங்கே' என்பதைத் தவிர இருவரும் எதுவும் பேசாததும்தான் இந்த இரண்டு இருக்கை இடைவெளி.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அமலி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மடியிலிருந்த கட்டைப் பார்த்ததும் சட்டென்று போனுக்குள் குனிந்துகொண்டாள்.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி பூமாலை காத்திருந்தார். "மிஸ், பெரிய சார் உங்கள உடனே வரச் சொன்னாரு."

தலைமையாசிரியர் சீனுவாசன் கணக்கு ஆசிரியராக இருந்து மேலே வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. லூசியா உட்கார்ந்ததும் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பெற்றோர் குழுவில் யாரோ கேள்வித்தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக நின்றன. 'வீர ரயில்வே எத்தனாவது பிளாட்பாரம்?' என்று ஒரு அப்பா கேட்டிருந்தார். 'பிள்ளைங்களுக்குப் புரியாததைக் கேட்டு மார்க்கைக் குறைக்கிறாங்க' என்று ஓர் அம்மா.

"காலையிலேர்ந்து இதான் ஓடிக்கினு இருக்குது, மிஸ். பாடத்துல இல்லாத பாட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

"பாடத்துல இருக்கறத மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதிடறாங்க சார். புரிஞ்சுதான் படிக்கறாங்களான்னு பாக்கலாம்னு குடுத்தேன்."

"பாத்துட்டீங்களா?"

லூசியா போனை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நான் தமிழுக்கு எதிரி இல்ல, மிஸ். எங்கப்பாவுக்கு ராத்திரியில பழைய பாட்டு ரெண்டு சொல்லலைன்னா தூக்கம் வராது. ஆனா இந்தப் பசங்களுக்கு அது வேணுமா? கேட்டா வேணாம்னுதான் சொல்றாங்க. திங்கட்கிழமை பிரேயர் முடிஞ்சதும் பத்தாவதுல கை தூக்கச் சொல்லப் போறேன். யாருக்குத் தமிழ், யாருக்குப் பிரெஞ்சு. தமிழுக்கு ஒரு கிளாஸ் நடத்தற அளவுக்குச் சேரலைன்னா அடுத்த வருஷம் பதினொண்ணுக்குப் பிரெஞ்சு மட்டும்தான்."

"அப்ப நான்?"

"ஆறாவது, ஏழாவது பாத்துக்குங்க. வேல எங்கியும் போவாது."

"பெரிய வகுப்புக்குச் செய்யுள் எடுக்கணும்னுதான் சார் இந்த ஸ்கூலுக்கே வந்தேன்."

சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்ததைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணே பிரெஞ்சுக்குப் போவுதாம். தமிழ் மிஸ் பொண்ணே எடுக்கலைன்னா மத்தவங்கள நான் எப்படி எடுக்கச் சொல்றது?"

அந்தச் சூட்டோடு லூசியா வகுப்புக்குள் நுழைந்தாள். விடைத்தாள்களை மேசைமேல் போட்ட சத்தத்தில் பேச்சு அடங்கியது.

"யார் முதல்ல ஆரம்பிச்சது?"

சிலர் பெஞ்சைப் பார்த்துக் குனிந்தார்கள்.

"ரயில்வேன்னு எழுதலாம்னு யார் பிளான் போட்டது? கலைப்பிரியா, எழுந்திரு."

கலைப்பிரியா கோலியனூரிலிருந்து வருகிறவள். ஒரு நாளும் திட்டு வாங்காதவள். எழுந்து நின்றதுமே கண் கலங்கிவிட்டது. "சத்தியமா யாரும் பேசி வெச்சிக்கினு எழுதல மிஸ்."

"அந்தக் காலத்துல ரயில் இருந்துதா?"

"இல்ல மிஸ்."

"தெரிஞ்சே எழுதனியா?"

"பாட்டுல அப்படித்தான மிஸ் இருக்குது."

"பாட்டுல என்ன இருந்தாலும் யோசிக்க மாட்டியா? அர்த்தம் வருதா இல்லையான்னு பாக்க மாட்டியா?"

கலைப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். அவள் சொன்னதில் துளியும் திமிர் இல்லை. "செய்யுள்னா எப்பவுமே அர்த்தம் வராது, மிஸ். நீங்க வந்து சொல்ற வரைக்கும் எதுவுமே வராது. நீங்க சொன்னப்புறம் அதுதான் அர்த்தம்னு எழுதி வெச்சிக்குவோம்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. அமலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றாள் லூசியா. அதற்குமேல் அந்த வகுப்பில் அவளால் எதையும் நடத்த முடியவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் கணவன் ஜூட் கடையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தான். புதுச்சேரி சாலையில் வண்டிகளுக்கு பேட்டரி, விளக்கு, வயரிங் வேலை பார்க்கும் கடை அவனுடையது. சனிக்கிழமையானால் மாதா கோவிலில் பாட்டுக் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கப் போக வேண்டும் என்பதால் சீக்கிரம் அடைத்துவிடுவான்.

"இன்னா லூசி, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர்ற?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லன்னா இவ்ளோ நீளமாவா இருக்கும் மூஞ்சி? அமலி, நீ சொல்லு. உங்கம்மாவுக்கு இன்னா பேஜாரு?"

"என்னைக் கேக்காதப்பா" என்றபடி அமலி உள்ளே போனாள்.

லூசியா கேள்வித்தாளை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "இத படிங்க. படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க, இது கிண்டலா இல்லையான்னு."

ஜூட் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கோவிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவன்போல நிமிர்ந்து நின்று உரக்கப் படித்தான். "பேரூ... ரெல்லை... காக்கு... மிளைய. வீர... ரயில்வே... அட! ரயில்வே வருதே. நம்ம விழுப்புரம் ஜங்ஷனா? பழைய பாட்டுன்னு சொன்ன?"

லூசியா அவன் முகத்தையே பார்த்தாள். "நீங்களுமா?"

"எழுதியிருக்கறததான படிச்சேன். நான் இன்னாத்துக்கு உன்ன கிண்டல் பண்ணப் போறேன்?"

அவன் பண்ணவில்லை. காலையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே விளக்கம் அங்கே கையைவிட்டுப் போனது. கூடிப் பேசவில்லை என்றால், ஒருவரோடு ஒருவர் சம்பந்தமே இல்லாமல் வகுப்பு முழுக்க, அதோடு பேட்டரி கடைக்காரரும் சேர்ந்து, ஏன் ஒரே இடத்தில் ரயிலேறுகிறார்கள்?

ராத்திரிக்குக் கேழ்வரகு மாவில் கேப்பை அடை. சட்னிக்காக மல்லாட்டைக் கடலையை வறுக்க அடுப்பில் போட்டபோது அமலி தண்ணீர் குடிக்க வந்தாள்.

"பெரிய சார் என்ன சொன்னாரு தெரியுமா?" என்றாள் லூசியா, திரும்பாமல். "தமிழ் மிஸ் பொண்ணே தமிழ் எடுக்கலையாமேன்னாரு."

"அதுக்கு நான் என்னா பண்ணட்டும்? நீ மிஸ்ஸா இருக்கறதுக்காக நான் எனக்குப் புரியாதத ரெண்டு வருஷம் படிக்கணுமா?"

"புரியாதா? தமிழ் உனக்குப் புரியாதா?"

"தமிழ் புரியும். செய்யுள் புரியாது. நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ வீட்ல என்னைக்காவது உன் இஷ்டத்துக்கு ஒரு பழைய பாட்டு எடுத்துப் படிச்சிருக்கியா? நான் பாத்ததே இல்ல. நீயும் வாரப் பத்திரிகை கதைதான் படிக்கற. நானும் போன்ல கதைதான் படிக்கறேன். அப்புறம் என்னை மட்டும் ஏன் திட்டற?"

லூசியா மல்லாட்டையை வேகமாகக் கிளறினாள். மறுக்க முடியாத குற்றச்சாட்டுக்குத்தான் அதிகமாகக் கோபம் வரும். அமலி அதற்குள் கொல்லைப் பக்கம் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

லூசியா அடுப்படியிலிருந்தே கத்தினாள். மனப்பாடமான அடிகள்; தாள் தேவைப்படவில்லை. கோபத்தில் சொன்னதால் ஒவ்வொரு சொல்லையும் வெட்டி வெட்டிச் சொன்னாள். "பேரூர் எல்லை காக்கும் இளைய வீரர் அயில்வேல் ஏந்தி வந்தனர்! இதுல எங்கடி இருக்குது ரயில்வே? சொல்லு!"

கைநிறையத் துணியோடு அமலி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

"ஊர் எல்லையைக் காக்கற சின்ன வயசு வீரருங்க வேல் ஏந்தி வந்தாங்க. அயில்வேல்னா... கூர்மையான வேலா? இவ்ளோதானா?"

"இவ்ளோதான். அயில்னா கூர்மைன்னு கீழயே குடுத்திருந்தேனே."

"அம்மா, அந்தப் பாட்டுல அயில் எங்கம்மா இருந்துது? கிளாஸ்ல எல்லாரும் தேடனோம். கலைப்பிரியா மூணு தடவ தேடனா!"

மல்லாட்டை கருகும் வாசனை வந்தது. லூசியா அடுப்பை அணைத்தாள். "என்னாங்க, அந்தத் தாள எடுத்துக்கினு வாங்க!"

மூன்று பேரும் அடுப்படி மேடையில் தாளை விரித்துக் குனிந்தார்கள். காதுக்குச் சொன்னால் அமலிக்கு உரை வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்குக் காட்டினால் ரயில் வருகிறது. அப்படியானால் கோளாறு அமலியிடமும் இல்லை, பாட்டிலும் இல்லை. நடுவில் தாளில் ஏதோ இருக்கிறது.

அமலி துணிகளைக் கீழே போட்டுவிட்டு விரலை வைத்தாள். "வீர. இங்க ஒரு கேப்பு. ரயில்வே. இங்க ஒரு கேப்பு. லேந்தி. இந்தக் கேப்பு எதுக்கு விட்டிருக்காங்க?"

"கேப்பையா?" என்றான் ஜூட்.

"சும்மா இருப்பா!"

"அது சீர்" என்றாள் லூசியா. "பாட்டோட நடை. தாளம் தட்டினா ஒரு தட்டு விழற அளவு ஒரு சீர்."

"அப்ப இது சொல்லு முடியற இடம் இல்லையா?"

"இல்ல. சில சமயம் ரெண்டும் ஒண்ணா வரும். பல சமயம் வராது."

அமலி தாளிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். "இத ஏம்மா எங்ககிட்ட யாருமே சொல்லல?"

"சொல்லியிருக்கேனே! சீர் பிரிச்சு அலகிடச் சொல்லி எத்தனை தடவ..."

"அது கிராமர். அது வேற பீரியட்."

நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு விஷயம் இதில் இருக்கிறது. செய்தித்தாளிலும் கதையிலும் போன் திரையிலும் இடைவெளி வந்தால் அங்கே ஒரு சொல் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கண் அப்படித்தான் பழகுகிறது. பழைய பாட்டை அச்சிடும்போது மட்டும் அதே வெற்றிடம் வேறு வேலை செய்கிறது. தாளம் எங்கே விழுகிறது என்று காட்டுகிறது. 'வீரர்' என்ற சொல்லின் கடைசி 'ர்', அடுத்து வரும் 'அ'வோடு சேர்ந்து 'ர' ஆகி, அடுத்த சீரின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'வேல்' என்பதன் 'ல்' அதேபோல் 'ஏந்தி'யின் தலையில் ஏறி 'லேந்தி' ஆகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வோர் எழுத்து இடம் மாறியதும் நடுவில் அச்சு அசலாக ஒரு ரயில்வே. ஜங்ஷன் ஊரில் படிக்கிற பிள்ளைகள் வேறெதைப் பார்ப்பார்கள்?

லூசியாவுக்கு இது தெரியாததல்ல. தெரிந்து இத்தனை வருடமாகிவிட்டதால் அவள் கண்ணுக்கு அந்த இடைவெளியே தெரிவதில்லை. தெரியாதவர்களுக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

"சரி" என்றாள் அமலி. "ஆனா பரீட்சை ஹால்ல நீ வந்து கத்த மாட்டியே. தாள மட்டும் வெச்சிக்கினு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"எல்லா கேப்பையும் மூடிடு" என்றான் ஜூட். "ஒயரு கட் ஆன எடத்துல ஒட்டிட்டா வேல முடிஞ்சுது."

அமலி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். 'வீரரயில்வேலேந்திவந்தனர்.'

"ஐயோ, கூட்ஸ் வண்டி மாதிரி போவுது. இதுலயும் எனக்கு ரயில்வேதான் தெரியுது."

"கடைசியில வினை இருக்கும். அத முதல்ல பிடி" என்றாள் லூசியா. "வந்தனர். வந்தாங்க. யாரு வந்தாங்க, எப்படி வந்தாங்கன்னு பின்னாடியே போய்ப் பாரு."

"வந்தனர் சரி. அதுக்கு முன்னாடி லேந்தி. மறுபடியும் அதே ஊருக்குத்தான் வந்து நிக்கறேன்."

"லேந்தின்னு ஒரு சொல்லே கிடையாதேடி!"

"அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? லேகியம் இருக்குது. லேட்டு இருக்குது. லேடி இருக்குது. லேந்தின்னும் ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன். பழைய பாட்டுல எனக்குத் தெரியாத சொல்லுதான எல்லாம்?"

லூசியா எரிச்சலோடு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்தினாள்.

"என்னாம்மா?"

"நீ இப்ப சொன்னியே, லேகியம், லேட்டு, லேடி. அதுல ஒண்ணாவது தமிழா?"

அமலி யோசித்தாள். "இல்ல. லேகியம்?"

"அது வடமொழி. ல-வுல ஆரம்பிக்கற தமிழ்ச் சொல்லு ஒண்ணு சொல்லு பாக்கலாம்."

"லட்டு."

"தமிழ் இல்ல."

"லாரி, லாபம், லட்சம்... லைட்டு..."

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ரயில்?"

"ர-வும் அப்படித்தான். ட-வும் அப்படித்தான்."

"கொஞ்சம் நில்லு" என்றான் ஜூட். "டைனமோ, ரிலே, ரேடியேட்டர், லைட்டு, டேப்பு. என் கடையில இருக்கற சாமானெல்லாம் வெளியூர்க்காரனா?"

"எல்லாம் வெளியூர்தான்."

"உன் பேரே ல-வுலதான ஆரம்பிக்குது!"

அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரத்துக்குப் பிறகு முதல் தடவை. "பழைய காலமா இருந்தா அம்மா பேரு என்னாவா இருந்திருக்கும்?"

"முன்னாடி ஒரு உ போட்டு எழுதியிருப்பாங்க. உலூசியா."

"உலூசியா!" ஜூட் மேடையைத் தட்டினான். "இனிமே அப்படித்தான் கூப்பிடப் போறேன்."

லூசியா அதைக் கண்டுகொள்ளவில்லை. மொழிமுதல் எழுத்துகள். எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது. நடுநிலை வகுப்பிலேயே இந்த விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறார்கள். எதற்காக என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மதிப்பெண்ணுக்கு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"இந்தா, இது உனக்குத் தெரியாத அடி" என்று காலண்டர் தாளில் எழுதிக் காட்டினாள்.

உழவ ரேரோ டெழுந்தனர் விடியல்

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே பாரு."

அமலி உதட்டைக் கடித்தாள். "ரேரோ. ர-வுல ஆரம்பிக்குது. அப்ப ர் அவனோடது இல்ல. முன்னாடி குடுத்துடறேன். உழவர். மிச்சம் ஏ. ஏரோ... டெழுந்தனர். ட-வும் கூடாது. ட் முன்னாடி போவுது. எழுந்தனர்! எழுந்தாங்க. ஆனா ஏரோட்னு நிக்குதே?"

"வாய்விட்டுச் சொல்லிப் பாரு."

"ஏரோட்... ஏரோட்டு... ஏரோடு! உழவர் ஏரோடு எழுந்தனர். விடியல்ல. ஏரு எடுத்துக்கினு கிளம்பிட்டாங்க." மேடையிலிருந்த கேள்வித்தாளை இழுத்தாள். "இரு, பழசுல பாக்கறேன். ரெல்லை, ர் முன்னாடி, பேரூர் எல்லை. ஆனா இந்த மிளைய? ம-வுல தமிழ்ச் சொல்லு ஆரம்பிக்குமே. மரம், மாடு."

"ஆரம்பிக்கும். அங்க இந்த விதி உதவாது" என்று லூசியா ஒப்புக்கொண்டாள். "ஆனா முன்னாடி இருக்கற 'காக்கு' தனியா நிக்குமா?"

"நிக்காது. காக்கும். மிச்சம் இளைய."

"ரெண்டு பக்கமும் பிரிச்சாச்சுன்னா நடுவுல இருக்கறது தானா விழுந்துடும்."

"இன்னொண்ணு குடு" என்றாள் அமலி.

லூசியா பதில் சொல்லாமல் கூடத்துக்குப் போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். கல்லூரியில் வாங்கிய தடித்த தொகுப்பு. பின்னால் இருக்கும் உரைப் பக்கங்கள் கசங்கி மடங்கியிருந்தன. பாட்டு இருக்கும் பக்கங்கள் புதிதாக இருந்தன. அதைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். அமலி தரையிலேயே உட்கார்ந்து, பென்சிலால் சீர்களின் தலையில் கோடு போட ஆரம்பித்தாள்.

லூசியா சீனுவாசனைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், திங்கட்கிழமை கை தூக்கச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்ச நேரம் வேணும். ஒரே ஒரு பாட்டு நடத்திக்கறேன்."

"மறுபடியும் பாடத்துல இல்லாததா, மிஸ்?"

"பாடத்துல இல்லாததுதான் சார். அர்த்தம் நான் சொல்லப் போறதில்ல. அவங்க சொல்லுவாங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஆறாவதுக்குப் போயிடறேன்."

"நானும் வந்து பின்னாடி உக்காருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்தார்.

ஜூட் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பிச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். "உலூசியா, இவ கை தூக்குவாளான்னு முதல்ல கேளு."

லூசியா தரையைப் பார்த்தாள். "அமலி?"

"திங்கட்கிழமைதான தூக்கணும்?" அமலி நிமிரவில்லை. "இப்ப தொந்தரவு பண்ணாத. ஒரு றே வந்திருக்குது."

லூசியா இன்னொரு காலண்டர் தாளின் பின்பக்கம், திங்கட்கிழமை கரும்பலகையில் எழுத வேண்டியதை ஒருமுறை எழுதிப் பார்த்தாள்.

'பாட்டில் காணும் இடைவெளி தாளத்துக்கானது, சொல்லுக்கானது அல்ல. ஒரு சீர் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசையில் ஏதாவது ஓர் எழுத்தோடு தொடங்கினால், அந்த மெய்யெழுத்து முந்தின சீரின் கடைசியிலிருந்து வந்தது. அதை அங்கே திருப்பிக் கொடு. மிஞ்சி நிற்கும் உயிரெழுத்தில்தான் அடுத்த சொல் தொடங்குகிறது.'